வகுப்பு தொடங்கும் முன் கொஞ்சம் பறவைகள்

நீட், கலந்தாய்வு எல்லாம் ஒருவழியாக முடிந்து, சென்னையிலேயே ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடப் பயிற்சி. அதற்குள் இப்படி ஓர் ஓய்வு கிடைக்குமா என்பது சந்தேகம்தான். "இப்பவே அனாடமி புத்தகத்தைப் புரட்டிப் பாரேன்" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொல்கிறார்கள். நான் சித்தப்பாவிடம் பைனாகுலரை வாங்கிக்கொண்டு பறவை பார்க்கப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் எங்கே நிற்பது என்று கற்றுக்கொண்டேன். வேளச்சேரி - தாம்பரம் சாலையிலிருந்து பார்த்தால் சதுப்புநிலம் கிழக்கே இருக்கிறது. காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அந்தப் பக்கம் சாயங்காலம்தான் சரி. காலையில் போவதென்றால் பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி சாலை நல்லது. லாரிச் சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் பறவைகளுக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது, அசைவதே இல்லை.

அடுத்து கொக்குகள். வெள்ளையாக நின்றால் கொக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அதற்குள்ளேயே எத்தனை வகை! அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாடு மேயும் இடத்தில் மஞ்சள் அலகோடு குட்டையாக நிற்பது உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். இதைப் பிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. இப்போது கழுத்து வளைவைப் பார்த்தே ஓரளவு சொல்ல வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நீலத் தாழைக்கோழி. கருநீல உடம்பு, சிவப்பு அலகு, நெற்றியிலும் ஒரு சிவப்புப் பட்டை. கோரையின் தண்டைப் பிடுங்கி, ஒற்றைக் காலால் பிடித்து, நாம் கரும்பு தின்பது போல அலகுக்குக் கொண்டுபோய்க் கடிக்கிறது. அந்த நீண்ட விரல்கள் தண்டைச் சுற்றி மடங்குவது பைனாகுலரில் அப்படியே தெரிந்தது. கை வலிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக எதைப் பார்த்தாலும் 'இதில் கேள்வி வருமா' என்றுதான் யோசித்தேன். இதற்கு விடைத்தாள் கிடையாது என்பதே பெரிய சந்தோஷம்.

சாலையோர மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார ஆரம்பித்துவிட்டன. வலசை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த கால்களோடு ஆழமில்லாத தண்ணீரில் நடந்து நடந்து கொத்துகின்றன. வடகிழக்குப் பருவமழை வலுத்துத் தண்ணீர் ஏறிவிட்டால் இந்த மாதிரிப் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது, வேறெங்காவது போய்விடும். அதனால் மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரம் இந்த இடத்துக்கு 2022இல் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் பைனாகுலரைக் கொஞ்சம் திருப்பினால் பெருங்குடி குப்பைமேடு தெரிகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடுக்குமாடிகள். சதுப்பு சுருங்கிச் சுருங்கி மிஞ்சியிருப்பது இதுதான். ஊர் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிற நிலத்தில் குப்பையைக் கொட்டியிருக்கிறோமே என்று அங்கே நிற்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

வெள்ளைக் கோட்டு, ஹாஸ்டல் பெட்டி எல்லாம் அம்மா பார்த்துக்கொள்கிறார். என் பட்டியலில் பாக்கி இருப்பது பூநாரை. அடையாறு முகத்துவாரத்தையும் ஒரு காலையில் பார்க்க வேண்டும். சித்தப்பாவிடம் கேட்டேன், "ஹாஸ்டலுக்கும் எடுத்துட்டுப் போடா" என்றார். பைனாகுலர் பெட்டிக்குள் போயாகிவிட்டது.