கொத்தனார் 3,500 கல் என்றார், நான் 2,800 வாங்கினேன்

போன புரட்டாசியில் அம்மா வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் மதில் எழுப்பினோம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அதுவரை முள்வேலிதான், தெருவில் போகிற ஆடு எல்லாம் அதை நீக்கிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவின் முருங்கைக் கன்றை மொட்டையடித்துவிட்டுப் போகும். கருங்கல் அஸ்திவாரமும் அதன்மேல் கான்கிரீட் பெல்ட்டும் முந்தின வருஷமே போட்டு வைத்திருந்ததால் மிச்சம் இருந்தது கட்டு வேலை மட்டும்: 60 அடி நீளம், 5 அடி உயரம், 9 இன்ச் சுவர்.

கொத்தனார் வந்து ஒருமுறை நடந்து பார்த்தார். டேப் கூட எடுக்கவில்லை. "சதுர அடிக்குப் பதினொரு கல்லு போட்டுக்கங்க தம்பி, பில்லருக்குத் தனியா எரநூறு. மூவாயிரத்து ஐநூறு எறக்கிருங்க."

எனக்கு அது அதிகமாகப் பட்டது. நூறு இருநூறு சேர்த்துத்தானே சொல்வார்கள் என்கிற சந்தேகம் நம் எல்லோருக்கும் இருப்பதுதான். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல் 9 இன்ச், 4¼ இன்ச், 3 இன்ச். சுற்றிலும் கலவைக்கு மூன்று நூல், அதாவது 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, கூட்டினால் ஒரு கல் சுவரில் பிடிக்கிற இடம் 0.085 கன அடிக்குக் கொஞ்சம் கம்மி. சுவர் 60 × 5 × ¾ = 225 கன அடி. வகுத்தால் 2,650 சொச்சம். உடைசலுக்கு 150 சேர்த்து 2,800 என்று சூளைக்குச் சொல்லிவிட்டேன். "சரி, உங்க இஷ்டம்" என்றார் கொத்தனார். அந்தக் குரலிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சுவர் நாலடி தாண்டியதும் கல் தீர்ந்தது.

அப்போதுதான் டேப்பை எடுத்தேன். வந்திருந்த கல்லில் பத்தை நீளவாட்டில் ஒட்டி அடுக்கி அளந்தேன் (ஒரு கல்லை மட்டும் அளக்காதீர்கள், சூளைக் கல் ஒன்றுக்கொன்று மாறும்). ஏழரை அடி வரவேண்டியது 7 அடி 3½ இன்ச்தான் வந்தது. அகலமும் உயரமும் அதேபோல் பார்த்ததில், கல் 8¾, 4, 2¾. காலும் காலும் காலும்தானே என்று தோன்றும். சுவர் முகத்தில், அதாவது வெளியே தெரிகிற பக்கத்தில், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9 × 3 முகமுள்ள கல், கலவையோடு சேர்த்து, சதுர அடிக்கு 4.55 பிடிக்கும். 8¾ × 2¾ என்றால் 5.05. ஒன்பது இன்ச் சுவரில் இது இரண்டு மடங்கு. 300 சதுர அடிக்கு முதல் கல் 2,730, இரண்டாவது 3,030. கால் இன்ச் முந்நூறு கல்லைத் தின்றுவிட்டது.

கவனித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். என் முதல் கணக்கில் 2,650 வந்தது, முகக் கணக்கில் அதே பெரிய கல்லுக்கு 2,730. ஏன் என்றால் நான் கல்லின் அகலத்தோடும் ஒரு கலவை மூட்டு (இரண்டு கல்லுக்கு நடுவில் கலவை நிற்கிற இடம்) இருப்பதாகச் சேர்த்தேன். சுவரின் கனத்தில் இரண்டு கல், நடுவில் ஒரே ஒரு மூட்டு, வெளிப்பக்கம் மூட்டே கிடையாது. கன அடிக் கணக்கு, இல்லாத கலவையையும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அதனால் இப்போதெல்லாம் கல்லை முகத்தின் சதுர அடியில்தான் எண்ணுகிறேன், நாலரை இன்ச் சுவருக்கு அப்படியே, ஒன்பதுக்கு இரட்டிப்பு. கன அளவைக் கலவைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் பில்லர். அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்தடிக்கு ஒன்றாக ஏழு பில்லர், சுவரிலிருந்து நாலரை இன்ச் வெளியே தள்ளி, 13½ இன்ச் அகலத்தில். ஒன்றுக்கு 28 கல், மொத்தம் இருநூறு. அவர் சொன்ன அதே இருநூறு. 3,030, பில்லர் 200, அரைக்கல் வெட்டுவது உடைவது எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐந்து வைத்தால் 3,390. சித்தாள் கைதவறிப் போடுவதற்கும் சேர்த்து அவர் 3,500 என்றிருக்கிறார். எந்தச் சூளைக் கல் எவ்வளவு இருக்கும் என்று அந்த ஊரில் இருபது வருஷமாகக் கரணை பிடிக்கிறவருக்குத் தெரியாதா?

இணையத்தில் தேடினால் கன மீட்டருக்கு 500 கல் என்று ஒரு கணக்கு எங்கேயும் கிடைக்கும். அது இந்தியத் தர விதியில் வருகிற 190 × 90 × 90 மி.மீ. கல்லுக்கு, கலவையோடு 200 × 100 × 100 என்று வைத்துப் போட்டது. நம் பக்கத்துச் சூளையில் அந்த அளவுக் கல்லை நான் பார்த்ததே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் 3,185 வந்து, என் கணக்கைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கத்தில் இருந்திருக்கும்.

சிமென்டும் இதே கதைதான். பெரிய கல் என்று நினைத்தபோது நான் போட்டது: சுவர் 225 கன அடி, கல் மட்டும் 181 கன அடி, மீதி 44 கலவை. கல்லின் மேல் சூளைப் பெயர் பதித்த பள்ளம் இருக்கிறதே, அதுவும் கலவை குடிக்கும், கீழே சிந்துவதும் உண்டு, ஆக நூற்றுக்கு இருபது கூட்டி 53. நனைந்த கலவை 53 வேண்டுமானால் காய்ந்த மணலும் சிமென்டும் அதைப்போல 1.3 பங்கு போடவேண்டும், ஏனென்றால் தண்ணீர் விட்டதும் மணல் இடுக்குக்குள் சிமென்ட் இறங்கிக் கலவை சுருங்கிவிடும். 69 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவை என்றால் ஏழில் ஒரு பங்கு சிமென்ட், 50 கிலோ மூட்டை 1¼ கன அடி பிடிக்கும், ஆக எட்டு மூட்டை. ஒன்பது வாங்கினேன். பதினொன்று ஆனது. கல் சின்னதானால் கல்லும் கூடும், மூட்டும் கூடும், நடுவில் கனத்தை நிரப்ப கலவை கொழுக்கும். சின்னக் கல் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள் இந்த மூட்டைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணல் மட்டும் தப்பித்தது. எப்படியும் ஒரு யூனிட்டுக்குக் கீழே டிப்பர் வராது, நூறு கன அடி, எங்களுக்குத் தேவை எண்பதுக்குள். அதிலும் ஒரு விஷயம்: எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) ஈரமாக வந்தால் பொங்கி நிற்கும். காய்ந்த மணலைவிட ஈர மணல் அதே சட்டியில் குறைவாகத்தான் இருக்கும், ஆறு சட்டி போட்டும் ஐந்துதான் போட்டதாகும். சிமென்ட் வீணாகுமே தவிர சுவருக்குக் கெடுதல் இல்லை.

கல் விஷயத்தில் வலித்தது வேறு. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது, பச்சைக் கல் காயாது என்பதால் முதல் சூளையில் வேலை நின்றுவிட்டது, கையிருப்பும் இல்லை. வேறு சூளையில் 600 கல் சொன்னேன். கொஞ்சமாக வாங்குவதால் விலை கூட, வண்டி வாடகையோ முழு வாடகை. வந்த கல்லோ சரியாக 9, 4¼, 3! மேல் மூன்று வரி மட்டும் தடித்த கல், நிறமும் சிவப்பு குறைந்து ஆரஞ்சாக. அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, பாவாடைக்குக் கரை வச்ச மாதிரி" என்றார். எண்பது சொச்சம் மிச்சம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் மேடை ஆகிவிட்டது.

இப்போது பூச்சு வேலை. இரண்டு பக்கமும் பில்லர் பக்கவாட்டும் சேர்த்து 626 சதுர அடி, அரை இன்ச் கனம், மேடு பள்ளத்துக்குக் கால் பங்கு கூட்டி, ஒன்றுக்கு ஐந்து கலவையில் ஐந்தரை மூட்டைக்குச் சற்று மேல் வருகிறது. கொத்தனார் சுவரை ஒரு பார்வை பார்த்து, அந்த மேல் மூன்று வரியில் கையை வைத்துத் தடவிவிட்டு, ஏழு என்றார்.

ஏழு மூட்டை வாங்கித் திண்ணையில் அடுக்கிவிட்டேன்.