மதினியின் தட்டும் என் தட்டும்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் எங்கள் தெருத் திண்ணைகளில் பீடித்தட்டு இல்லாத வீடு குறைவு. இருபது வருடம் நானும் நாளுக்கு 1000 பீடி சுற்றியவள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு காலையில் விரல் மடங்கவில்லை. வெந்நீரில் கையை வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் நூலைப் பிடிக்க முடிந்தது. மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாதம் என்று திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்; தினமும் போட்டால் ஆபத்து. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களில்தான் பக்கத்துத் தட்டைப் பார்க்கும் பழக்கம் வந்தது. என் தட்டில் 300 சேரும்போது மதினி தட்டில் 700 இருக்கும். வலியோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முந்தைய வாரம் அவருக்கு ஈடாக ராத்திரி பத்து மணி வரை சுற்றினேன். அடுத்த மூன்று நாள் சோற்றைப் பிசைய முடியவில்லை.

மருத்துவமனை வரிசையில் பாப்பாக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் வந்திருந்தார். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. "அந்தப் பிள்ளையைப் பார், உனக்கு எவ்வளவோ மேல்" என்றார் அம்மா. ஊர் திரும்பும் பஸ், பேட்டை என்ற ஊரைத் தாண்டும் வரை அது ஆறுதலாக இருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது: இன்று அவர் விரல், நாளை என் விரலா? அன்று தூங்கவில்லை. ஒருவருடைய கோணிய விரலை என் மருந்தாக்கிக்கொண்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உளவியல் படிக்கும் என் மகள் சொன்னாள்: தன்னை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர் அடுத்தவரை வைத்து அளந்துகொள்கிறார் என்று லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதினாராம். எனக்கு அது பட்டென்று விளங்கியது. ரத்தப் பரிசோதனை வீக்கத்தைச் சொல்லும், வலியைச் சொல்லாது. பிறகு நான் எதை வைத்து அளப்பேன்?

அடுத்த முறை அந்த அக்காவின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். யாருக்கு வலி அதிகம் என்ற பேச்சை விட்டுவிட்டு, இலையை எப்படி வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவரும் பீடிக்காரர்தான். கத்திரிக்கோல் பிடியில் பழைய வேட்டித் துணியைத் தடிமனாகச் சுற்றியிருப்பதாகச் சொன்னார். குழாயை விரலால் திருகாமல் உள்ளங்கையால் தள்ளவும், பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டவும் அங்கேயே செய்து காட்டினார். அவர் கையைப் பார்த்துப் பயந்தவள், அன்று அதே கையிடம் பாடம் கேட்டேன்.

விட முடியாத ஒப்பீடு ஒன்று மட்டும் உண்டு. சுற்றிய பீடிக் கணக்கை எழுதும் என் பழைய பாஸ் புத்தகத்தில் பக்கம் பக்கமாக 1000, 1000 என்று இருக்கிறது. நோய்க்கு முன் நானாக இருந்த அந்தப் பெண்ணோடு போட்டி போடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. புத்தகத்தை எறிய மனம் வரவில்லை. பரண் மேல் வைத்திருக்கிறேன். இப்போது 450 சுற்றுகிறேன், நடுவில் இரண்டு முறை எழுந்து நடக்கிறேன்.

போன வாரம் மதினி கட்டைவிரலைத் தடவிக்கொண்டே வந்தார். காலையில் மடங்கவில்லையாம். அவர் கத்திரிக்கோலுக்கும் துணி சுற்றிக் கொடுத்தேன். "தள்ளிப் போடாதீர்கள் மதினி, திங்கட்கிழமை நான் ஹைகிரவுண்டுக்குப் போகிறேன், கூட வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறேன்.