குறைஞ்ச செலவுல கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர்: இதுவரைக்கும் வந்து நிக்கிற இடம்

2க்கு 72 இன்ச் பெல்ட் கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. பெயின்ட் இன்னும் அடிக்கல, ஒயரிங் கொஞ்சம் ஒழுங்கு பண்ணணும், ஆனா பெல்ட் நேரா ஓடுது, பிளேட்டன்ல (பெல்ட்டுக்கு பின்னாடி தாங்கி நிக்கிற தட்டைத் தகடு) வச்ச பிளேடு அதிராம நிக்குது. அந்த ரெண்டும் சரியா வந்துட்டா மத்ததெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். இதே மாதிரி கையில இருக்கிறத வச்சு கட்ட நினைக்கிறவங்களுக்கு உதவும்னு எது எது எப்படி வந்துச்சுன்னு எழுதறேன், முக்கியமா காச எதுல போடணும் எதுல போட வேண்டாம்ங்கிறது, ஏன்னா கட்டி முடிச்சப்புறம் தான் அது எனக்கே தெளிவா புரிஞ்சுது.

முதல்ல கட்டினது கிரைண்டரே இல்ல, அரம் வச்சு தேய்க்கிற ஜிக். ஒரு நல்ல பலகை, பிளேட கிளாம்ப் பண்ண ஒரு துண்டு ஆங்கிள் இரும்பு, பின்னாடி 400 மிமீ தள்ளி ஒரு ஐ போல்ட், அதுக்குள்ள போய் வர்ற ஒரு கம்பி, கம்பியோட முன்பக்கம் அரம். அவ்வளவு தான். கத்தி வாய் நம்ம பக்கம் பாத்து இருக்கும், ஐ போல்ட மேல தூக்க தூக்க அரம் வாய்ப்பக்கம் சரியும், கை எப்படி ஆடினாலும் கோணம் மாறாது. கணக்கும் சுலபம், 3 மிமீ தகடு, சரிவு (வாய் நோக்கி மெலிஞ்சு போற பகுதி) 25 மிமீ உயரம், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு, அதாவது சூடு பண்ணி பதம் போடறதுக்கு முன்னாடி வாய்ல 0.5 மிமீ தடிமன் விடணும்னா ஒவ்வொரு பக்கமும் 1.25 மிமீ தான் போகணும், அது 3 டிகிரிக்கு சற்று கம்மி. 400 மிமீ தூரத்துல 3 டிகிரின்னா ஐ போல்ட் ஏறக்குறைய 21 மிமீ உயரணும். நேரம் நிறைய எடுக்கும், ஆனா சரிவு கண்ணாடி மாதிரி தட்டையா வரும். கிரைண்டர் வந்தப்புறமும் இந்த ஜிக்க கழட்டல, சின்ன பிளேடுகளுக்கு பிளஞ்ச் லைன் (பிடிப்பக்கம் சரிவு தொடங்குற கோடு) சமமா வரணும்னா கடைசி தேய்ப்பு இதுல தான்.

இன்னொரு செலவில்லாத கருவி டிரில் பிட்டு. தகடு 3 மிமீன்னா 3 மிமீ டிரில் பிட்ட சமமான தளத்துல படுக்க வச்சு அதோட கூர் முனையால கத்தி வாய் நெடுக கீறுங்க, பிளேட திருப்பிப் போட்டு இன்னொரு தடவ கீறுங்க. பிட்டோட முனை சரியா 1.5 மிமீ உயரத்துல இருக்கிறதால கோடு நட்டநடுவுல விழும். தகடு அளவுல கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ரெண்டு மெல்லிசு கோடு கிடைக்கும், அதுக்கு நடுவுல தான் வாய். மார்க்கர் பூசிட்டு கீறினா கோடு பளிச்சுனு தெரியும்.

இனி கிரைண்டர். 2க்கு 72 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 50 மிமீ அகலம் 1830 மிமீ நீளம், இந்த அளவ எடுத்ததுக்கு ஒரே காரணம் பெல்ட். கத்தி செய்றவங்க பெரும்பாலும் இந்த சைஸ்ல தான் வேலை செய்றாங்க, அதனால செராமிக், அலுமினியம் ஆக்சைடு, நைலான் நார் பெல்ட் எல்லாம் இந்த அளவுல எல்லா கிரிட்லயும் (கரடு அளவு) கிடைக்குது. சின்ன பெல்ட்டுக்கு மெஷின் கட்டினா மெஷின் செலவு குறையும், ஆனா சின்ன பெல்ட் சீக்கிரம் சூடாகும் சீக்கிரம் மழுங்கும், நீளம் கூடுதலா இருந்தா ஒவ்வொரு இடமும் இரும்ப தொட்டுட்டு திரும்பி வர்றதுக்குள்ள ஆறிக்கும்.

மோட்டார் விஷயத்துல ரொம்ப யோசிச்சேன். பழைய டிரெட்மில் மோட்டார் சுலபமா கிடைக்கும், வேகமும் கூட்டி குறைக்கலாம், ஆனா அது திறந்த கூடு, ஃபேன் காத்த உள்ள இழுக்கும், கூடவே இரும்புத் தூளும் உள்ள போகும். அதுல எழுதியிருக்கிற எச்பியும் ரொம்ப உயர்ந்த ஆர்பிஎம்ல இருக்கிறது, மெதுவா ஓட்டினா அந்த இழுவை இருக்காது. அதனால முழுசா மூடின, வெளிப்பக்கம் ஃபேன் இருக்கிற மோட்டார் தான்னு முடிவு பண்ணி ஒரு பழைய 1.5 எச்பி சிங்கிள் ஃபேஸ் 1440 ஆர்பிஎம் மோட்டார் வாங்கினேன். பேரிங் மாத்தினேன், கெபாசிட்டர் மாத்தினேன், சத்தமில்லாம ஓடுது. வேகத்த மாத்த ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி எதையாவது மாட்டலாமான்னு கேக்கிறவங்களுக்கு, இந்த மாதிரி மோட்டாருக்கு அது ஆகாது, இழுவை போயி காயில் சூடாகும்.

வேகத்துக்கு ஸ்டெப் புல்லி, அதாவது வேற வேற விட்டத்துல படிப்படியா இருக்கிற புல்லி. மோட்டார்ல ஒண்ணு, 20 மிமீ ஷாஃப்ட்ல தலைகீழா ஒண்ணு, ஷாஃப்ட் ரெண்டு யுசிபி 204 பேரிங் பிளாக்ல உக்காந்திருக்கு, நடுவுல ஏ செக்ஷன் வி பெல்ட். தேய்க்கிற பெல்ட ஓட்டுறது ஷாஃப்ட்ல இருக்கிற 4 இன்ச் டிரைவ் வீல், ஷாஃப்ட் 1440ல சுத்தினா பெல்ட் நிமிஷத்துக்கு சுமார் 1500 அடி ஓடும், மேல் படில 2880ன்னா 3000 அடி, கீழ் படில 720ன்னா 750 அடி. மேல் படி இரும்ப வழிச்சு எடுக்க, நடு படி சரிவ ஒழுங்கு பண்ண, கீழ் படி பிடி மரத்துக்கும் ஃபினிஷிங்குக்கும். 6 இன்ச் வீல் போட்டு நேரா 2880 மோட்டார்ல ஓட்டினா 4500 அடி வரும், ரொம்ப பேர் அப்படி தான் வச்சிருக்காங்க, ஆனா புதுசா கத்துக்கிறவங்களுக்கு அந்த வேகத்துல கொஞ்சம் அழுத்தினாலே சரிவு போன இடம் தெரியாது, எனக்கு 3000 தாராளமா போதுது. புல்லிக்கு வேற ஒரு நன்மையும் இருக்கு, மோட்டார் கீழ தள்ளி பொறி விழாத இடத்துல உக்காந்திருக்கு.

விஎஃப்டி (மின்சாரத்தோட அதிர்வெண்ண மாத்தி மோட்டார் வேகத்த மாத்துற டிரைவ்) வேணுமான்னா, வேணும், அது தான் சிறந்தது, குமிழ திருப்பினா வேகம் மாறும். ஆனா அதுக்கு த்ரீ ஃபேஸ் மோட்டார் தான் ஆகும். சிங்கிள் ஃபேஸ் லைன்ல 230 வோல்ட் உள்ள வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸா வெளிய தர்ற டிரைவ்னா, மோட்டார் பிளேட்ல 230/400ன்னு போட்டிருக்கணும், இணைப்பு டெல்டாவுல (மூணு காயிலும் முக்கோணமா) கொடுக்கணும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல சுவிட்ச் போடக்கூடாது. டிரைவ் தூசி புகாத பெட்டிக்குள்ள இருக்கணும். என்னோட கணிப்பு என்னன்னா, கையில ஏற்கனவே நல்ல சிங்கிள் ஃபேஸ் மோட்டார் இருந்தா புல்லி போட்டு நிம்மதியா இருங்க, மோட்டாரே புதுசா தான் வாங்கணும்னா அப்பவே த்ரீ ஃபேஸும் விஎஃப்டியும் வாங்கிடுங்க, பின்னாடி மாத்தினா ரெண்டு செலவு.

ஃப்ரேம பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. 50க்கு 50, 5 மிமீ சுவர் ஸ்குயர் டியூப்புக்குள்ள 40க்கு 40 டியூப் இறங்கும், அது தான் பிளேட்டன் தாங்குற கை. வெளி டியூப்புக்குள்ள நீளவாக்குல வெல்டிங் தையல் மேடா இருக்கும், அத அரத்தால வழிச்சு எடுத்தா தான் உள்ள போகும். பழைய இரும்புக் கடையில எடுத்த டியூப்பே போதும். வெல்டிங் பார்வைக்கு நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல, கெட்டியா பிடிச்சிருந்தா போதும்.

காசு போட வேண்டிய இடம் வீல். இதுல நான் சமரசமே பண்ணல. ஸ்கேட்போர்டு வீல் போட்டு ஓட்டலாம், ஓடவும் செய்யுது, ஆனா அதோட 608 பேரிங் உள் விட்டம் வெறும் 8 மிமீ, வீலும் மெத்துனு அமுங்கும், பிளேட்டன்ல வச்ச இரும்பு லேசா துடிக்கும், அந்த துடிப்பு சரிவுல அலை அலையா தெரியும். மரத்துலயோ எம்டிஎஃப்லயோ வீல் செஞ்சு அந்த மோட்டார்லயே சுத்தவிட்டு உளியால சமப்படுத்துறவங்களும் இருக்காங்க, மெதுவான வேகத்துக்கு சரி, 2880க்கு எனக்கு தைரியம் வரல. அலுமினியம் உருளைய லேத்துல கொடுத்து கடைஞ்சு வாங்கினேன். லேத்காரர்கிட்ட ஒண்ணு மட்டும் திரும்ப திரும்ப சொல்லுங்க, பேரிங் உக்கார்ற துளையையும் வெளி விட்டத்தையும் ஒரே பிடில, சக்குலேர்ந்து கழட்டாம கடையணும். கழட்டி மாட்டினா மையம் ஒரு முடி அளவு விலகும், கண்ணுக்கு தெரியாது, விரல் நுனிக்கு தெரியும்.

ஷாஃப்ட்ல இருக்கிற டிரைவ் வீல தவிர ஒவ்வொரு வீல்லயும் ரெண்டு 6203 பேரிங், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிறது, 17 மிமீ உள், 40 மிமீ வெளி. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல உள்வளையத்த தாங்க ஒரு ஸ்பேசர் குழாய் வேணும், அது தான் இங்க ஆட்டத்தையே தீர்மானிக்குது. வீலுக்குள்ள ரெண்டு பேரிங்கும் உக்கார்ற படிகளுக்கு நடுவுல எவ்வளவு தூரமோ ஸ்பேசர் நீளம் அதே அளவு இருக்கணும். குட்டையா போச்சுன்னா போல்ட இறுக்கும் போது உள்வளையங்கள் ஒண்ண ஒண்ணு நோக்கி இழுபட்டு குண்டுகள் நெரியும், கையால சுத்தினா வீல் கரகரன்னு நிக்கும், கொஞ்ச நேரம் ஓட்டினா தொட முடியாத சூடு. சரியான ஸ்பேசரோட போல்ட முழுசா இறுக்கிட்டு ஒரு தட்டு தட்டினா வீல் சத்தமே இல்லாம ரொம்ப நேரம் சுத்திட்டு தானா நிக்கும். அத பாக்கும் போது வந்த சந்தோஷம் முதல் பொறி பறந்தப்போ கூட வரல.

டிராக்கிங் வீல் (பெல்ட நேரா ஓட வைக்கிற வீல்) மட்டும் நடுவுல லேசா உயரமா இருக்கணும், பெல்ட் எப்பவும் உயரமான இடத்த தேடி ஏறும், அதனால தான் நடுவுல நிக்குது. டிரைவ் வீல், பிளேட்டன் வீல் ரெண்டு எல்லாம் தட்டை. டிராக்கிங் வீல் ஒரு கெட்டியான கீல்ல தொங்குது, பின்னாடி ஒரு 10 மிமீ போல்ட் தள்ளுது, ஒரு கால் திருப்பு திருப்பினா பெல்ட் மெதுவா நகர்ந்து வர்றத பாக்கலாம். ஆனா இதெல்லாம் வேலை செய்யணும்னா எல்லா வீலும் ஒரே தளத்துல இருக்கணும். டிரைவ் வீல் முகத்துல நேரான பட்டைய வச்சு மத்த வீல்கள் வரைக்கும் நீட்டிப் பாருங்க, எங்க இடைவெளி தெரியுதோ அங்க மெல்லிசு வாஷர் போட்டு சரி பண்ணுங்க. பொறுமையா உக்காந்து செய்ய வேண்டிய வேலை இது, இத முடிச்சு முதல்ல கையால பெல்ட இழுத்து சுத்திப் பாத்துட்டு தான் சுவிட்ச தொட்டேன். டென்ஷனுக்கு ஒரு சாதாரண சுருள் ஸ்பிரிங் போதும்.

பிளேட்டன், 10 மிமீ தகடு. வெறும் இரும்பா விட்டா பெல்ட் அதையும் தேய்க்கும், நடுவுல பள்ளம் விழும், அந்த பள்ளம் அப்படியே கத்தி சரிவுல உருண்டையா வந்து நிக்கும். அதனால மேல செராமிக் கண்ணாடி ஒட்டணும், விறகு எரியிற அடுப்பு கதவுகள்ல வர்ற கண்ணாடி, சூட்டுல கிட்டத்தட்ட விரியவே விரியாது, அதனால வெடிக்காது. ஜன்னல் கண்ணாடி வேண்டவே வேண்டாம், சூட்டுல விரிசல் விட்டு தெறிக்கும். தகட்டையும் கண்ணாடி பின்பக்கத்தையும் கரடா தேய்ச்சு, சுத்தமா துடைச்சு, சூடு தாங்குற எபாக்ஸி போட்டு ஒட்டினேன், அடியில ஒரு சின்ன படி வெல்டு பண்ணி அதுல கண்ணாடி உக்காந்திருக்கு, பசை இளகினாலும் கீழ இறங்காது. கண்ணாடி முகம் ரெண்டு வீலோட முகத்தவிட ஒரு ரெண்டு மிமீ முன்னாடி நிக்கணும்.

பெல்ட்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இரும்ப வழிக்க 36 இல்லன்னா 60 செராமிக், நல்லா அழுத்தி மேல் படி வேகத்துல, ஏன்னா செராமிக் மணி அழுத்தத்துல உடைஞ்சு புது கூர் காட்டும், தடவி தடவி ஓட்டினா பளபளன்னு ஆகி வெட்டாது. அப்புறம் 120, 220. மழுங்கின பெல்ட மரத்துக்கு ஒதுக்கிடுங்க, அதுல கத்திய தேய்ச்சா சூடு தான் மிஞ்சும். பதம் போட்டப்புறம் அந்த சூடு தான் எதிரி, கார்பன் ஸ்டீல சுமார் 200 டிகிரில டெம்பர் (நொறுங்காம இருக்க மிதமா சூடு காட்டுறது) பண்ணியிருக்கோம், வாய் ஓரம் நீலம் ஏறிச்சுன்னா 300 பக்கம் போயிருச்சுன்னு அர்த்தம், அந்த இடம் மெத்துனு ஆயிரும், அத முழுசா வழிச்சு எடுக்கிறத தவிர வேற வழியில்ல. அதனால பதம் போட்ட பிளேடுக்கு வெறும் கை, கீழ் படி, புது பெல்ட், பக்கத்துல தண்ணி வாளி. விரல் சுடுதுன்னா உடனே முக்கு. க்ளவுஸ் போட்டா சூடும் தெரியாது, பெல்ட்ல மாட்டினா கையையும் சேத்து இழுக்கும்.

ஷாஃப்ட்டோட மறுமுனை சும்மா கிடந்துச்சு, அதுல ஒரு 200 மிமீ அலுமினியம் டிஸ்க் சாவி போட்டு மாட்டியிருக்கேன், மேல பேப்பர் ஒட்டி கீழ் படில மட்டும் ஓட்டறேன். பிடி மரத்த ரெண்டு பக்கமும் வெளிச்சம் புகாத அளவுக்கு தட்டையாக்க இது மாதிரி வராது.

தூசிக்கு மாஸ்க் துணில வேண்டாம், ஃபில்டர் மாத்துற ரெஸ்பிரேட்டர் வாங்குங்க, கிரைண்டர் நின்னப்புறமும் கொஞ்ச நேரம் கழட்டாதீங்க, நுண்ணிய தூள் காத்துல தான் இருக்கும். பெல்ட்டுக்கு கீழ தண்ணி ட்ரே இருக்கு, பொறி அதுல விழும். மரம் தேய்க்கிறதுக்கு முன்னாடி ட்ரேய எடுத்து, தரைய கூட்டிருவேன், மரத்தூள் மேல பொறி விழுந்தா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்து ரொம்ப நேரம் கழிச்சு பத்தும். அலுமினியத்த இந்த மெஷின்ல தேய்க்கிறதே இல்ல, அந்த தூளும் துருத்தூளும் சேந்து பொறி பட்டா எரியிற சூடு வேற ரகம்.

அடுத்தது கான்டாக்ட் வீலா (பிளேட்ல குழிவான சரிவு தர்ற பெரிய வீல்) சின்ன வீலான்னு யோசிச்சிட்டு இருந்தேன். 10 இன்ச் ரப்பர் வீல் தான் இருக்கிறதுலயே செலவு கூடின பாகம். 20 மிமீ அகல சரிவுக்கு அது தர்ற குழி நடுவுல 0.4 மிமீ தான் வரும், நான் செய்றது பெரும்பாலும் சமையல் கத்தி, அதுக்கு தட்டை சரிவே போதும். அதனால முதல்ல சின்ன வீல் கை. 40 டியூப் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கு, அதோட முனைல ரெண்டு காது வெல்டு பண்ணி ஒரு இன்ச் வீல் மாட்டினா பிடில விரல் உக்கார்ற வளைவு அரம் இல்லாமயே வந்துரும். வீலுக்கு உருளை லேத்துல கொடுத்தாச்சு, ஒரே பிடில கடையச் சொல்லியிருக்கேன்.