பன்னிரண்டு படங்களும் ஒரு கருடனும்

வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தபோது கூடத்துச் சுவர் ஒன்று அநியாயத்துக்கு வெறிச்சோடிக் கிடந்தது. நான் எடுத்த பழைய படங்களிலிருந்து பிடித்த பன்னிரண்டைத் தேர்ந்து, சட்டம் போட்டு அங்கே மாட்டிவிடலாம் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் எழுந்துவிடலாம் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அப்போது ஆவணி மாதம். இதை எழுதும்போது தை பிறந்துவிட்டது.

2007இல் வாங்கிய ஆறு மெகாபிக்சல் கேமராவில் தொடங்கிய இந்தப் பைத்தியம், வன்தட்டில் பதினோராயிரத்துச் சொச்சம் படங்களாகச் சேர்ந்திருந்தது. தேர்வை எளிதாக்குவதற்காக லைட்ரூம் என்னும் படத்திருத்த மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கலாம். நான் அந்நாளில் அதைக் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பதுபோல் வருகிறவர் போகிறவர் எல்லார் மேலும் தெளித்திருக்கிறேன். ஐந்து நட்சத்திரம் பெற்றவை மட்டும் 940. அவற்றில் ஒரு பூவரச இலை பதினேழு முறை இடம்பெற்றிருந்தது. இலையில் அப்படி என்ன கண்டேன் என்று இலைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தேர்வு செய்வதற்குமுன் லேசாகத் திருத்திவிடலாம் என்று தோன்றியதுதான் வினை. பழைய படங்களை ஏற்கெனவே நான் பலமுறை திருத்தியிருக்கிறேன் என்பதும், ஒவ்வொரு திருத்தமும் அந்தந்த ஆண்டில் என் தலைக்கு ஏறியிருந்த பித்தத்தின் சாட்சியாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நிழலும் வெளிச்சமும் ஒருசேரத் தெரியவைக்கும் எச்டிஆர் மோகம் பிடித்திருந்த காலத்தில் தாராசுரத்துக் கல்தேரின் சக்கரம் வெல்லப்பாகில் முக்கி எடுத்ததுபோல் மினுங்கியது. அதன் மேலிருந்த வானத்தைப் பார்த்தால் அடுத்த நிமிடமே பிரளயம் வந்துவிடும் போலிருந்தது. அதற்கடுத்த ஆண்டு, படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் நிறம் விடும் வித்தையைக் கற்றிருக்கிறேன். பூக்காரம்மா முதல் பேருந்து நிலையம் வரை எல்லாம் சாம்பலாகிவிட, கூடையிலிருந்த கனகாம்பரம் மட்டும் தீப்பிடித்து எரிந்தது. பிறகு எல்லாவற்றையும் அரிசி களைந்த தண்ணீரில் அலசி எடுத்ததுபோல் வெளிற வைக்கும் பருவம் வந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

இவையெல்லாம் கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகள் என்பதால் தப்பித்தேன். மென்பொருள் அசலைத் தொடாமல், செய்ய வேண்டிய மாற்றங்களை மட்டும் தனியே குறித்து வைத்துக்கொள்கிறது. ‘ரீசெட்’ அழுத்தினால் சக்கரம் மறுபடி கல்லாகிவிடுகிறது. மைத்துனியின் திருமணப் படங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு ஜிபி கார்டில் இடம் போதாது என்று அன்று படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்ததோடு, திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமித்தும் தொலைத்திருக்கிறேன். என் பழைய மானிட்டர் நீலம் பாய்ந்தது. அது தெரியாமல், எல்லார் முகமும் வெளுத்திருக்கிறதே என்று படத்துக்குப் படம் மஞ்சளை ஏற்றியிருக்கிறேன். புதிய திரையில் திறந்து பார்த்தால் மணமக்கள், சம்பந்திகள், நாதசுரக்காரர் உட்பட அத்தனை பேரும் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வந்தவர்களைப்போல் நின்றார்கள். ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4096 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256தான், ஆகவே இதற்குமேல் மீட்க முடியாது என்று மனைவிக்கு விளக்கினேன். கணக்கை அவள் கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸைத் துணைக்கு அழைத்தேன். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், கல்லறைச் சிலுவைகளுக்கு அப்பால் நிலா எழும் காட்சியை எடுத்த அவர், அந்த ஒரே நெகட்டிவைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். தொடக்கத்தில் வெளிறியிருந்த வானம் பிரதிக்குப் பிரதி இருண்டு, கடைசியில் கன்னங்கரேல் என்று ஆனது. எந்த நாளில் எடுத்தார் என்பதைக்கூட அவர் குறித்துவைக்கவில்லை, நிலா நின்ற இடத்தைக் கணக்கிட்டு வானியல் அறிந்தவர்கள்தான் பிற்பாடு நாளைச் சொன்னார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“அவர் வானத்தைத்தான் கறுப்பாக்கினார். நீங்க என் தங்கச்சியையே மஞ்சளாக்கிட்டீங்க” என்றாள்.

திருமணங்களை விட்டுவிட்டு ஊர்களுக்குத் திரும்பினேன். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோது, வானத்தின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் சிறிதாக ஒன்று தெரிந்தது. பருந்து என்று மகிழ்ந்தேன். கங்கைகொண்ட சோழபுரத்திலும் அதே மூலையில் அது பறந்தது. வேடந்தாங்கலில் பறவை இருப்பதில் தவறில்லை. ஆனால் மூன்று ஊரிலும் அதே இடத்தில், சிறகைக்கூட அசைக்காமல் ஒரு பருந்து நிற்குமானால் அது பருந்தாக இருக்க வாய்ப்பில்லை.

அது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டியிருந்த தூசு. லென்சு வழியாகச் சென்சாரில் விழும் பிம்பம் தலைகீழானது என்பதால், அடிப்பகுதியில் படியும் தூசு படத்தில் வானத்துக்குப் போய்விடும். லென்சின் ஒளித் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால் அதன் நிழல் கலைந்து மறையும். எஃப்/16 என்று சுருக்கினால் துல்லியமாக விழும். எல்லாம் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று அந்த ஒன்றரை ஆண்டும் நான் எஃப்/16ஐ விட்டு இறங்கியதே இல்லை. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் பருந்து இடது மூலைக்குக் குடிபெயர்ந்தது.

இடது மூலை என்றதும் அடிவயிற்றில் ஏதோ செய்தது. எழுந்துபோய்ப் பூஜையறையில் பார்த்தேன். 2008இல் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் குடமுழுக்கன்று நான் நிமிர்த்திப் பிடித்து எடுத்த கோபுரப் படம் அங்கே இருந்தது. கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வட்டமிடும் என்று ஊரே அண்ணாந்து நின்றபோது, நான் மட்டும் கேமராவுக்குள் தலையை விட்டிருந்தேன். அச்சிட்டு வந்த படத்தில் கோபுரத்தின் இடப்பக்கம் கருடன் இருந்ததை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். ஏழு பிரதிகள் போட்டோம். ஒன்று சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடியின் மேல், கருடன் இருக்கும் இடத்தில் மோதிர விரலால் கடுகளவு சந்தனம் வைக்கிறார். அன்று வெள்ளிக்கிழமை. சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

வாயைத் திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு படத்தில் தூசை நீக்கினால், அதே இடத்தில் இருக்கும் தூசை மற்றப் படங்களிலும் ஒரே சொடுக்கில் நீக்கும் வசதி உண்டு. 212 படங்களைத் தேர்ந்தெடுத்துச் சொடுக்கினேன். மூன்று ஊர்களின் வானமும் துடைத்துவிட்டாற்போல் ஆனது. அந்த 212இல் குடமுழுக்கும் இருந்தது என்பதை நான் உணர்ந்தபோது, அம்மா காப்பித் தம்ளருடன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

“கருடன் எங்கேடா?”

தூசு, துவாரம், தலைகீழ் பிம்பம் என்று எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தன. “வெளிச்சம் சரிபண்றேன்மா, இப்ப வந்துடும்” என்று சொல்லி, கன்ட்ரோல் விசையையும் இசட்டையும் அழுத்தினேன். கருடன் வந்தது. செய்ததை ஒரே சொடுக்கில் செய்திருந்ததால், வருவதும் 212 படங்களுக்கும் சேர்த்தே வந்தது. பக்கத்திலிருந்த தேவாலயப் படத்தின் வலது மூலையில் அம்மாவின் விரல் போய் நின்றது.

“தனுஷ்கோடிக்கும் கூடவே வந்திருக்காரு பாரு” என்று தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். “இதையும் பெரிசா போட்டுடு.”