படிக்கும் பாணியும் பிள்ளையின் சுபாவமும்

பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து, அந்தந்த வகைக்கேற்பக் கணினியில் படமோ ஒலியோ கொடுத்துவிட்டால் அதுவே தனிக்கவனக் கல்வி என்ற நம்பிக்கை, கோத்தகிரிப் பக்கம் ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில் இன்னமும் உலவுகிறது. நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் 1992-இல் முன்வைத்த, கற்பவரைப் பார்த்தல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என நான்காகப் பிரிக்கும் ‘வார்க்’ பகுப்பு இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால், ஹரால்ட் பாஷ்லரும் அவருடன் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பாணிக்கேற்பப் பாடத்தை மாற்றினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. இதில் எனக்கு வியப்பில்லை. நீலகிரியின் வரைபடத்தை எந்தப் பிள்ளையும் கண்ணால் பார்த்துத்தான் கற்கவேண்டும். படுகப் பாட்டை எவரும் காதால் கேட்டுத்தான் கற்கவேண்டும்.

பாடத்தை மாற்றியமைக்க வேண்டியது, பிள்ளை இதுவரை கற்று நிற்கும் படியை ஒட்டித்தான். டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைக் கொண்டு நடந்து, பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் முதலியோரால் 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒவ்வொரு மாணவரின் நிலையையும் கண்டறிந்து அங்கிருந்து பாடம் தொடங்கப்பட்டபோது, கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. (அங்கேயும் மென்பொருளோடு சிறு குழுக்களாகப் பாடம் சொல்ல ஆள் இருந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.) நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற தொடக்கப்பள்ளித் திட்டத்தில், பிள்ளைகளைக் கற்ற அளவுக்கேற்பப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதாம்.

அப்படியானால் சுபாவத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பாடத்தின் வடிவத்தில் அல்ல, கணினி பிள்ளையோடு நடந்துகொள்ளும் விதத்தில். வகுப்பில் கைதூக்கக் கூசும் பெண், யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதால் திரையில் ஒரே கணக்கைத் துணிந்து பலமுறை தவறாகப் போட்டுப் பார்க்கிறாள். அவளுக்கு ஓரத்தில் ஓடும் கடிகாரத்தை மறைத்துவைத்தாலே பாதி பயம் போய்விடும். அவசரக்காரப் பையனோ விடை தானே வந்து விழும்வரை குறிப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறான். இந்தத் தந்திரத்தை ரயன் பேக்கர் குழுவினர் 2004-இல் ஆராய்ந்து, இப்படிச் செய்யும் மாணவர்கள் குறைவாகவே கற்கிறார்கள் என்று காட்டினார்கள். அவனுக்குக் குறிப்பைச் சற்றுத் தாமதித்துக் கொடுப்பதே நல்லது.

கணக்கில் கூசும் அதே பெண் ஆங்கிலத்தில் அவசரக்காரியாக இருப்பதும் உண்டு என்பதால், ஆண்டுத் தொடக்கத்தில் ஒட்டிய முத்திரையை மென்பொருள் கடைசிவரை சுமக்காமல், பாடத்துக்குப் பாடம் அவளுடைய விடைகளிலிருந்தே புதிதாகக் கணித்துக்கொள்ள வேண்டும்.