டிரெய்லர் கட்டிலில் விடியும்வரை தூக்கம்: ஆலம்பரை போய் வந்த கையோடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், உள்ளேயே தங்கித் தூங்குகிற டிரெய்லரைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, கடப்பாக்கம் பக்கத்துக் கோட்டையான ஆலம்பரை வரை போய்விட்டு நேற்று மதியம்தான் வேளச்சேரி திரும்பினோம். துணிமூட்டையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், இந்தத் தடவை தூங்கினோம். குடும்பத்தில் எல்லாரும், விடியும்வரை. வழி, செலவு, தங்குமிடம் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் டிரெய்லர் வைத்திருக்கிற நண்பர்கள் முதலில் கேட்பது படுக்கையைப் பற்றித்தான். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வண்டி, நானும் மச்சானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய வண்டி. பகலில் சாப்பிடும் இடமே ராத்திரியில் கட்டில். நடுவில் இருக்கும் மேஜையை இறக்கி இரண்டு சீட்டுக்கும் நடுவே பலகை மாதிரிப் பதித்து, முதுகு சாய்கிற மெத்தைகளை எடுத்து அதன்மேல் பரப்ப வேண்டும். சின்ன டிரெய்லர் எங்கே செய்தாலும் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். இடத்தை மிச்சம் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்காரும் மெத்தை கெட்டியாக இருக்கும், சாய்மான மெத்தை தொட்டால் அமுங்கும். இரண்டும் சேருகிற மூட்டு சரியாக இடுப்புக்கு அடியில் வரும். ஒரு பக்கம் புரண்டால் மெத்தை விலகி, பலகையில் போய் முட்டி இடிக்கும். இதோடு முன்பு கோவளம் பக்கம் வண்டியைப் போட்டிருந்தபோது, காலையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் ஈரம். மழையும் இல்லை, கூரை ஒழுகவும் இல்லை.

இந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதை யோசித்துத்தான் மொத்த வேலையையும் தொடங்கினோம். ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் கால் லிட்டர் நீரை வெளியே விடுகிறார். வீட்டுக் கட்டிலில் அது அடியில் போய்க் காற்றில் ஆறிவிடும். டிரெய்லரில் மெத்தைக்கு அடியில் ஓட்டையே இல்லாத பிளைவுட், அதற்கும் கீழே சாமான் அடைத்த பெட்டி. போதாக்குறைக்குக் கடற்கரைக் காற்றே ஏற்கனவே நனைந்த காற்று. ஈரம் போவதற்கு வழி எங்கே? இரண்டு வாரம் அப்படியே மூடி வைத்தால் பூஞ்சை நாற்றம் நிச்சயம்.

இந்த நேரத்தில்தான் ஒரு பெரிய மெத்தைக் கடையில் மெமரி ஃபோம் வாங்கச் சொல்லிப் பிடித்த பிடியை விடவில்லை. விலையைக் கேட்டதும் என் மனைவி எழுந்தே விட்டாள். நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சென்னை வெயிலில் நிற்கிற டிரெய்லருக்கு மெமரி ஃபோம் வேண்டவே வேண்டாம். அது சூட்டுக்கு இளகுகிற பொருள். குளிரில் கெட்டியாகும், வெப்பத்தில் தொளதொளத்துப் போகும். மதியம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே வெந்த மெத்தையில் ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் உடம்பு உள்ளே இறங்கி, சுற்றிலும் சூடு பிடித்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் கால்வாசியை மெத்தைக்கு அடியில் செலவழித்தால் போதும்.

நாங்கள் அதைத்தான் செய்தோம். பழைய பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, பேக்கிங் பெட்டி உடைத்த பைன் மர ரீப்பர் வாங்கி, மூன்று அங்குல அகலக் கட்டைகளை இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் குறுக்கே அடித்தார் ஆசாரி. இடைவெளி அதற்குமேல் போனால் ஃபோம் நடுவில் தொங்க ஆரம்பிக்கும். மேஜைப் பலகையை மட்டும் மாற்ற முடியாது, அதில் சாப்பிட வேண்டுமே. அது தண்ணீர் தாங்குவதற்கான 710 தர முத்திரை போட்ட மரைன் பிளைவுட். ஓரமாக வரிசையாகத் துளை போட்டுக் கொடுத்தார். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு அங்குலம் விடச் சொன்னதும் அவர்தான். தகரச் சுவர் ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மெத்தை அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று போக வழியில்லாமல் அங்கேயும் ஈரம் தங்கும்.

அடுத்தது ஃபோம். இதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையைவிட நல்ல இடம் சென்னையில் எனக்குத் தெரியாது. கார் சீட்டு தைக்கிறவர்களுக்கு அளவு வெட்டுவதும் மூலை சாய்ப்பதும் தினசரி வேலை. டிரெய்லர் கட்டில் ஒரு மூலை வளைவாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார்கள். நாலு அங்குலம், நாற்பது டென்சிட்டி, எல்லாத் துண்டும் ஒரே ரகம். உட்காரும் மெத்தையும் சாய்மான மெத்தையும் ஒரே ரகமானதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. டென்சிட்டி என்றால் கெட்டித்தனம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. உழைப்பைச் சொல்லுமே தவிர, முதுகுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லாது. நாற்பதிலும் மெத்தென்ற ரகம் உண்டு. அதனால் கடையிலேயே படுத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். ஆறடிக்கு நாலடி, நாலு அங்குலத்துக்கு எடை சுமார் ஒன்பது கிலோதான் வரும். தென்னை நார் மெத்தை காற்றோட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். இழுக்கிற காருக்கு ஒவ்வொரு கிலோவும் டீசல்.

ஃபோமைக் கொண்டுவர ஒரு குட்டி யானை லோடு வண்டி பேசினோம். எழுநூறு என்று கடை வாசலில் பேசி ஏற்றினார் டிரைவர். வேளச்சேரியில் இறக்கும்போது ஆயிரத்து இருநூறு. கேட்டால் "சார், இடத்தை அடைச்சிடுச்சு பாருங்க, வேற லோடு ஏத்த முடியல" என்கிறார். எடையே இல்லாத சரக்கு, போட்டிருந்ததும் எங்கள் சரக்கு மட்டும்தான்! தெருவே வேடிக்கை பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார். தொள்ளாயிரத்தில் முடிந்தது. அந்த இருநூறு ரூபாய் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஃபோம் வாங்குகிறவர்கள் கடையிலேயே இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டச் சொல்லி, கார் மேலே போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

மூட்டுகளை மறைக்க மேலே ஒரே துண்டாக ஏதாவது போட வேண்டும். இங்கே அத்தை சொன்னதுதான் கடைசியில் நின்றது. "மாப்ள, எதுக்கு ஆயிரக்கணக்குல குடுக்குறீங்க? இலவம்பஞ்சுல மெலிசா ஒண்ணு தைக்கச் சொல்லுங்க. சூடே ஏறாது." போடிப் பக்கத்துப் பஞ்சு. இரண்டு அங்குலத்துக்கு மெத்தை தைக்கிறவர் தைத்துக் கொடுத்தார், காட்டன் உறை. ஒரு கையால் தூக்கலாம், பகலில் பாய் மாதிரிச் சுருட்டி ஓரமாகச் செருகலாம். காலையில் கார் பானெட்டில் விரித்துக் காயவைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் பஞ்சு கட்டிக்கொள்ளும். கீழே இருக்கும் ஃபோம் துண்டுகள் விலகாமல் இருக்க, உறைகளின் பக்கவாட்டில் வெல்க்ரோ தைத்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டோம். இந்த யோசனை மச்சானுடையது, நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இனி பயணம். முட்டுக்காடு, மாமல்லபுரம் எல்லாம் நிற்காமல் தாண்டினோம். கல்பாக்கம் தாண்டிக் கடப்பாக்கம். சென்னையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே ஒரு தோப்புக்காரர் ராத்திரிக்கு இடமும் ஒரு பிளக்கும் தந்தார், ஐந்நூறு ரூபாய்.

மணல் தரை என்பதால் வண்டியைச் சமமாக நிறுத்துவதுதான் முதல் வேலை. இதை யாரும் செய்வதில்லை, பிறகு மெத்தையைத் திட்டுகிறார்கள். கட்டில்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்றினோம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் காரிலிருந்து கழற்றினோம். முன்பின் சமத்துக்கு முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மூலை ஜாக்கிகள் கடைசியில்தான், அதுவும் ஆடாமல் பிடித்துக்கொள்ள மட்டும். வண்டியையே அதால் தூக்கப் பார்த்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். துல்லியமாகச் சமம் வராவிட்டால் தலைப்பக்கம் ஒரு விரல்கடை உயர்வாக இருக்கட்டும். கால் உயர்ந்தால் தலை கனத்துவிடும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கடப்பாக்கம் சாலையோரம் ஓலை வேய்ந்த ஒரு கடை, பெயர்ப்பலகை இல்லை. முகத்துவாரத்தில் பிடித்த நண்டு, மிளகு தூக்கலாகப் போட்டு, கையில் எண்ணெய் ஒட்டாத மசாலா. சங்கரா மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றியதும் புளியும் தேங்காயும் சேர்ந்து எழுந்த வாசனையிலேயே மகள் இரண்டாவது சோறு கேட்டுவிட்டாள். இறால் தொக்குக்குத் தனிக் காசு வாங்கவில்லை, "சாப்டுங்கண்ணே, இன்னைக்கு நெறைய வந்துச்சு" என்று அந்த அம்மா வைத்துக்கொண்டே போனார். நாலு பேருக்கு ஆயிரத்துக்குள். மாமல்லபுரத்தில் இதே பணத்துக்கு ஒரு தட்டு நண்டுதான் கிடைக்கும்.

சாயங்காலம் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலச் செங்கல் சுவர்கள், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. உப்பங்கழியைப் பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ராத்திரி 12 வோல்ட் ஃபேன் ஒன்றைத் தலைப்பக்கமும், இன்னொரு சின்ன ஃபேனைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியிலும் ஓட விட்டோம். கடல் பக்கத்து ஜன்னலும் எதிர்ப்பக்கத்து ஜன்னலும் திறந்தே, கொசுவலை மட்டும் போட்டு. இடுப்பில் மூட்டு உறுத்தவில்லை. முதுகில் சூடு தங்கவில்லை. காலையில் மெத்தையைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தேன், ரீப்பர் கட்டை காய்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னேன்.

ஆசாரி கூலி, ரீப்பர், ஃபோம், பஞ்சு மெத்தை, தையல் எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரத்துச் சொச்சம், மச்சானோடு பாதிப் பாதி. கடையில் சொன்ன மெமரி ஃபோம் மெத்தை ஒன்றே அதைவிட அதிகம். இன்னும் ஒரு குறை இருக்கிறது: உள்பக்கம் படுக்கிறவர் ராத்திரி எழுந்தால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். கட்டிலை நீளவாக்கில் திருப்பி, கால்மாட்டிலிருந்து ஏறுகிற மாதிரி மாற்ற முடியுமா என்று ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். முடியும் என்றால் அலமாரி ஒன்றை எடுக்க வேண்டி வரும். அதற்கு மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.