நீக்கிய இரண்டு வரிகள்

"இந்த ரெண்டு வரி கண்டிப்பா வேணுமா?" என்று உடன் பணிபுரிபவர் கேட்டார். இணையப் பக்கத்திலிருந்து வாசகங்களை எடுத்துத் தரும் டூல் அது; அதைக் கூப்பிடுவது ஏஜென்ட், அதாவது தானாகவே டூல்களைப் பயன்படுத்தி விடை தேடும் ஏஐ நிரல். அந்த ஏஜென்டுக்காக எழுதிய டூல் விளக்கத்தின் கடைசிப் பகுதியைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீளமா தெரிஞ்சா எடுத்துடலாம். டாக்குமென்ட்ல விரிவா எழுதியிருக்கேன்" என்றேன்.

அவர் எடுத்தார், நான் ஒப்புதல் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பல வாரங்களாக அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டதில் தவறில்லை. டூல் விளக்கம் ஒவ்வொரு அழைப்போடும் ஏஜென்டை இயக்கும் மொழி மாடலுக்குப் போகிறது. அதில் சேரும் ஒவ்வொரு சொல்லும் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் துண்டு), ஒவ்வொரு முறையும் செலவு. ஒரு ஏஜென்ட் கையில் பத்துப் பதினைந்து டூல்கள் இருந்தால், எல்லாவற்றின் விளக்கமும் நீண்டுகொண்டே போனால், எதை எப்போது கூப்பிடுவது என்பதிலேயே அது தடுமாறும். சுருக்கமாக எழுதுங்கள் என்று நானே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நீக்கிய வரிகள் இவை: "வெற்றுப் பட்டியல் வந்தால் பக்கத்தில் ஆதாரமே இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகு தோன்றும் உரையை இந்த டூல் பார்ப்பதில்லை." (ஜாவாஸ்கிரிப்ட் என்பது பக்கம் உலாவியில் திறந்த பிறகு ஓடி, உள்ளடக்கத்தைச் சேர்க்கும் நிரல்.) மிஞ்சியது: "கேள்விக்குப் பொருந்தும் வாசகங்களைப் பக்கத்தில் உள்ளபடியே எடுத்துத் தரும். பொருந்துவது எதுவும் இல்லையெனில் வெற்றுப் பட்டியல் தரும்."

மிஞ்சியதில் பொய் எதுவும் இல்லை என்று ஒரு நாள் தோன்றும். அடுத்த நாள் அதே வாக்கியத்தைப் படித்தால், இரண்டாவது பாதி பொய்யாகவே தெரியும்.

அந்த ஆவணத்துக்கு நான் உழைக்காமல் இல்லை. எடுத்த வாசகம் பக்கத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எண்களை விளக்கவே இரண்டு நாள் செலவழித்தேன். தமிழ்ப் பக்கங்களில் அது உண்மையிலேயே சிக்கல். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். பைட்டில் எண்ணினால் ஒரு விடை, யூனிகோட் குறியீட்டில் எண்ணினால் வேறு விடை, கண்ணால் எழுத்தெழுத்தாக எண்ணினால் இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தையே ககரத்தோடு ஒரே உயிர்க்குறி சேர்த்தும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, எடுத்த வாசகத்தைப் பக்கத்தில் திரும்பத் தேடினால் மட்டும் கிடைக்காது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று எடுத்துக்காட்டோடு எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பகுதியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

ஆனால் ஏஜென்ட் அந்த ஆவணத்தைப் படிப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் டூல் விளக்கத்தில் இருக்கும் சில வரிகள்தான். "டாக்குமென்ட்ல எழுதியிருக்கேன்" என்று நான் சொன்னபோது, டூலை இணைக்கும் மனிதரை மனதில் வைத்துச் சொன்னேன். அதைப் பயன்படுத்தப்போவது யார் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

ஒரு மருந்தின் தகவல் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை இருக்கிறதா என்பது கேள்வி. சர்வர் 200, அதாவது 'சரி', என்று பதில் தந்தது. தலைப்பு, அறிமுகம், தயாரிப்பாளர் விவரம் எல்லாம் வந்தன. எச்சரிக்கைப் பகுதி மட்டும் சொடுக்கினால்தான் இறங்கும். டூல் வெற்றுப் பட்டியல் தந்தது. ஏஜென்ட் எழுதியது: "இந்தப் பக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை." கீழே முகவரியும் பக்கத்தை எடுத்த நேரமும் சரியாக இருந்தன. சோதனையில் ஒருவர் சந்தேகப்பட்டு உலாவியில் திறந்து பார்த்ததால் பிடிபட்டது. யாருக்கும் பாதிப்பில்லை. குறைந்தபட்சம் அந்த ஒன்றில்.

பிறகு அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்து, அதே கேள்வியைப் பல முறை ஓட்டிப் பார்த்தேன். பல முறை "இந்த டூலால் முழுப் பக்கத்தையும் பார்க்க முடியாமல் போயிருக்கலாம்" என்று எழுதியது. சில முறை மறுபடியும் "இல்லை" என்றே எழுதியது. எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. வரிகள் இருந்தாலும் தவறியிருக்கும் என்றால் குற்றம் என்னுடையது மட்டுமல்ல. அந்த ஆறுதல் வெகுநேரம் நிற்கவில்லை. பல முறை சரியாக எழுதியதும் அதே சோதனையில்தானே?

இது விளக்கத்தில் தீர்க்கும் விஷயமே இல்லை, வடிவமைப்பின் கோளாறு என்றார் அன்று வரிகளை எடுத்தவர். 'தேடினேன், இல்லை' என்பதற்கும் 'படிக்கவே முடியவில்லை' என்பதற்கும் ஒரே பதில் தரும் டூலை எந்த வாக்கியமும் காப்பாற்றாது என்றார். ஒத்துக்கொண்டேன். இப்போது பதிலில் நிலை என்று தனிப் புலம் இருக்கிறது: கிடைத்தது, கிடைக்கவில்லை, படிக்க இயலவில்லை. ஆனால் மூன்றாவதைக் கோட் எப்படி அறிகிறது? உரை மிகக் குறைவாக வந்தால் அப்படி ஊகிக்கிறது. அந்த மருந்துப் பக்கத்தில் உரை நிறையவே இருந்தது. புதிய புலத்தோடு ஓட்டினாலும் அதற்கு 'கிடைக்கவில்லை' என்றுதான் வருகிறது. ஆகவே என் இரண்டு வரிகளும் இன்னும் விளக்கத்தில் இருக்கின்றன. இப்போது அவை நான்கு வரிகள். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

பக்கங்களை நாங்கள் சேமிப்பதில்லை, அவற்றின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) மட்டும் வைத்துக்கொள்கிறோம். பக்கம் பிறகு மாறியதா என்பதை அது காட்டிக்கொடுக்கும் என்று ஆவணத்தில் ஒரு சிறப்பாகவே எழுதியிருந்தேன். அந்த வரிகள் இல்லாத வாரங்களின் பதிவில் வெற்றுப் பட்டியல்கள் வரிசையாக இருக்கின்றன. வேலை முடிந்ததும் சில முகவரிகளைத் திறந்து பார்க்கிறேன். பலவற்றில் ஹாஷ் ஒத்துப்போவதில்லை. பக்கம் மாறிவிட்டது. அன்று அதில் என்ன இருந்தது என்பதை அந்த மதிப்பை வைத்துப் படிக்க முடியாது.